திறந்தவெளி ஐஸ் ஹாக்கி: எட்மண்டன் குளிரிலிருந்து மயாமி வரை

அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பேஸ்பால் அரங்கு ஒன்றில், 2026ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி இரவு, நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் அணியும் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றில் மோதின. ஜனவரி மாதத்திலும் மக்கள் கடலில் நீராடும் ஊர் அது. அரங்கின் நகரும் கூரையை மூடி வைத்து, உள்ளே குளிரூட்டி, செயற்கையாகப் பனித்தளம் உறைய வைக்கப்பட்டது. ஆட்டத்தையொட்டித்தான் கூரை விலக்கப்பட்டது. அடுத்த மாதம் 1ஆம் தேதி அதே மாநிலத்தின் டாம்பா நகரில் மற்றொரு திறந்தவெளி ஆட்டம் நடந்தது. அங்கு நகரும் கூரை இல்லை என்பதால், ஆடுகளத்தின் மீது பெரும் கூடாரம் ஒன்றை எழுப்பி அதனுள் பனித்தளத்தை உருவாக்கினார்கள்.

என்.எச்.எல் எனப்படும் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக், 2003ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் திறந்தவெளி ஆட்டங்களில் மயாமி ஆட்டம் 44ஆவது, டாம்பா ஆட்டம் 45ஆவது. முதல் ஆட்டம் கனடாவின் மேற்குப் பகுதியில், பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் நடந்தது. உறைந்த குளங்களில் சிறுவர்கள் ஆடிய ஆட்டத்தை நினைவுகூரும் விழாவாக அது அறிவிக்கப்பட்டது. அத்தகைய விழா, இருபத்திரண்டு ஆண்டுகளில் பனி அரிதாகவே காணும் ஃப்ளோரிடாவை வந்தடைந்தது எப்படி என்பதைப் பார்த்தால், அந்த லீக்கின் வீழ்ச்சியும் மீட்சியும் புரியும். இந்த விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்று கனடாவில் நீண்டகாலமாக நடந்துவரும் விவாதமும் ஓரளவுக்குப் புரியும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஹாக்கி என்றால் புல்தரையிலோ செயற்கைத் தரையிலோ வளைதடியால் பந்தை அடித்து ஆடும் ஆட்டம். வட அமெரிக்காவில் ஹாக்கி என்று மட்டும் சொன்னால் அது ஐஸ் ஹாக்கியையே குறிக்கும். சுமார் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில், சறுக்குக் காலணி அணிந்த ஆறு பேர் கொண்ட இரு அணிகள் கடினமான ரப்பர் வட்டு ஒன்றைத் தடியால் அடித்து கோலுக்குள் செலுத்த முயல்வார்கள். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். என்.எச்.எல் 1917ஆம் ஆண்டு நவம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தொடங்கப்பட்டது. தற்போது அதில் 32 அணிகள் உள்ளன. அவற்றில் 25 அமெரிக்காவையும் 7 கனடாவையும் சேர்ந்தவை.

எட்மண்டனின் நெருக்கடி

திறந்தவெளியில் தொழில்முறை வீரர்கள் ஆடுவது 2003இல் புதிதாகத் தோன்றிய யோசனை அல்ல. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் மார்க்கெட் சிறைச்சாலைக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளுடன் சிறை முற்றத்தில் காட்சி ஆட்டம் ஆடியது. 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் மோதின. பாலைவன வெப்பத்தில் நடந்த அந்தக் காட்சி ஆட்டத்தின்போது விளக்கொளிக்கு வந்த வெட்டுக்கிளிகள் பனித்தளத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டன. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழக அணிகள் அமெரிக்கக் கால்பந்து அரங்கு ஒன்றில் ஆடியபோது 74,554 பேர் திரண்டனர். மூடிய அரங்குகளில் 20,000 பேர் கூடுவதே அதிகம் என்றிருந்த நிலையில், அந்த எண்ணிக்கை என்.எச்.எல் அணிகளின் கவனத்தை ஈர்த்தது.

அந்த யோசனையை முதலில் கையிலெடுத்தது எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி. காரணம் ஏக்கம் மட்டுமல்ல. 1980களில் வேய்ன் கிரெட்ஸ்கியைக் கொண்டு நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அந்த அணி, 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவரை லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு விற்றது. அதன் பின் லீக்கின் ஈர்ப்பு மையம் தெற்கு நோக்கி நகரத் தொடங்கியது. சான் ஹோசே, டாம்பா, அனஹைம், மயாமி என்று வெப்பப் பிரதேச நகரங்களில் புதிய அணிகள் தோன்றின. மறுபுறம், வீரர்களுக்கு அமெரிக்க டாலரில் ஊதியம் கொடுத்துவிட்டு கனடிய டாலரில் வருமானம் ஈட்டிய சிறிய கனடிய நகரங்கள் தடுமாறின. 2002ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு கனடிய டாலரின் மதிப்பு 62 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. கியூபெக் நகரின் அணி 1995இல் டென்வருக்கும், வின்னிபெக் அணி 1996இல் ஃபீனிக்ஸுக்கும் இடம்பெயர்ந்தன. எட்மண்டன் அணியும் ஹூஸ்டனுக்குப் போய்விடும் என்ற நிலை உருவானபோது, 1998இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து அதை வாங்கினார்கள். கனடிய அணிகளுக்கு அரசு உதவி வழங்கப்படும் என்று 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் மக்களிடையே எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மருத்துவமனைகளுக்குப் பணமில்லை என்னும் வேளையில் கோடீஸ்வர வீரர்களுக்கு வரிப்பணமா என்பதே அப்போது கேட்கப்பட்ட கேள்வி.

இந்தப் பின்னணியில்தான் 2003ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி எட்மண்டனின் காமன்வெல்த் அரங்கில் ஆயிலர்ஸ் அணியும் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியும் மோதின. 57,167 பேர் கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு இரட்டை விருந்து காத்திருந்தது. முதலில் கிரெட்ஸ்கி, மார்க் மெஸியர், கீ லஃப்லோர் முதலிய, இரு அணிகளின் முன்னாள் வீரர்கள் மோதிய ஆட்டம் நடந்தது. பின்னர் புள்ளிகளுக்கான உண்மையான ஆட்டத்தில் மாண்ட்ரியல் 4-3 என்ற கணக்கில் வென்றது. அந்த அணியின் கோல் காவலர் ஜோஸே தியோடோர் தலைக்கவசத்தின் மேல் கம்பளித் தொப்பி அணிந்து நின்ற புகைப்படம் இன்றளவும் அந்த நாளின் அடையாளமாக இருக்கிறது. கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் 27 லட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தனர்.

பத்து மாதங்கள் கழித்து லீக்கின் கதவுகள் மூடப்பட்டன.

ஆட்டமில்லாத ஓராண்டு

1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் லீக்கின் ஆணையர் பொறுப்பை ஏற்ற கேரி பெட்மன், வீரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். லீக்கின் சார்பில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் லெவிட் தயாரித்த அறிக்கை 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானது. 2002-03 பருவத்தில் அணிகள் கூட்டாக 27.3 கோடி டாலர் நட்டமடைந்ததாகவும், வருமானத்தில் சுமார் முக்கால் பங்கு வீரர்களின் ஊதியத்துக்கே செல்வதாகவும் அது கூறியது. வீரர்கள் சங்கம் இக்கணக்கை ஏற்கவில்லை. எனினும் அணிகளின் சிக்கல் கற்பனை அல்ல. ஒட்டாவா, பஃபலோ அணிகள் இரண்டும் 2003ஆம் ஆண்டு ஜனவரியில் திவாலாகி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியிருந்தன.

2004 செப்டம்பரில் தொடங்கிய கதவடைப்பு 310 நாட்கள் நீடித்தது. ஒரு முழுப் பருவத்தின் 1,230 ஆட்டங்களும் ரத்தாயின. தொழில் தகராறு காரணமாக வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக் ஒன்று முழுப் பருவத்தையும் இழந்தது அதுவே முதல் முறை. 1919இல் உலகளாவிய காய்ச்சல் தொற்றின்போது கைவிடப்பட்டதற்குப் பிறகு, ஸ்டான்லி கோப்பை யாருக்கும் வழங்கப்படாமல் போனதும் 2005இல்தான்.

இறுதியில் வீரர்கள் விட்டுக்கொடுத்தனர். நடப்பிலிருந்த ஒப்பந்தங்களில் ஊதியம் 24 சதவீதம் குறைக்கப்பட்டது. ஓர் அணி ஆண்டுக்கு 3.9 கோடி டாலருக்கு மேல் வீரர்களுக்குச் செலவிடக்கூடாது என்று உச்சவரம்பு வந்தது. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலைமை அணி உரிமையாளர்களுக்கும் உவப்பாக இல்லை. இ.எஸ்.பி.என் தொலைக்காட்சி ஒதுங்கிக்கொள்ள, ஆட்டங்கள் வேட்டை, மீன்பிடிப்பு, சைக்கிள் பந்தயம் ஆகியவற்றுக்கு அறியப்பட்ட சிறிய கேபிள் அலைவரிசை ஒன்றுக்குச் சென்றன. என்.பி.சி தொலைக்காட்சி முன்பணம் எதுவும் தராமல், விளம்பர வருமானத்தைப் பகிர்ந்துகொள்வதாக மட்டுமே ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க ரசிகர்களில் கணிசமானோருக்கு ஹாக்கி எந்த அலைவரிசையில் வருகிறது என்பதே தெரியாத காலம் அது.

புத்தாண்டு நாளின் பனிப்பொழிவு

என்.பி.சியின் விளையாட்டுப் பிரிவு அதிகாரி ஜான் மில்லர், புத்தாண்டு நாளில் திறந்தவெளியில் ஓர் ஆட்டம் என்ற யோசனையை முன்வைத்து வந்தார். அது நிறைவேறியது 2008 ஜனவரி 1ஆம் தேதி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் திவாலான அதே பஃபலோ அணியின் ஊரில். நகருக்கு வெளியேயுள்ள அமெரிக்கக் கால்பந்து அரங்கில் 71,217 பேர் கூடினர். ஆட்டம் முழுவதும் பனி பொழிந்துகொண்டே இருந்தது. பனித்தளத்தில் ஏற்பட்ட குழிகளை அடைக்கப் பலமுறை ஆட்டம் நிறுத்தப்பட்டது. 1-1 என்ற சமநிலைக்குப் பின் நடந்த தனிநபர் கோல் வாய்ப்புகளில், அப்போது இருபது வயதேயான பிட்ஸ்பர்க் அணியின் சிட்னி கிராஸ்பி, கொட்டும் பனியினூடே வட்டை நகர்த்திச் சென்று வெற்றி கோலை அடித்தார்.

எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்க முடியாத காட்சி அது. தொலைக்காட்சியில் வட்டு கண்ணுக்குத் தெரியாமல் அவதிப்பட்ட பார்வையாளர்களும் நேரலையை விட்டு விலகவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக, வழக்கமான பருவ ஆட்டம் எதற்கும் அமெரிக்காவில் அத்தனை பார்வையாளர்கள் கிடைத்ததில்லை. 'விண்டர் கிளாசிக்' என்ற பெயரில் அது ஆண்டு விழாவானது. 2009இல் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு, 2010இல் பாஸ்டனின் ஃபென்வே பார்க் என்று நூற்றாண்டுப் புகழ் கொண்ட பேஸ்பால் அரங்குகளுக்கு அது சென்றது. 2011இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆட்டத்தை அமெரிக்காவில் மட்டும் சுமார் 45 லட்சம் பேர் பார்த்தனர். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி டெட்ராய்ட்டை வென்றபோது அரங்கில் இருந்தவர்கள் 105,491 பேர். லீக்கின் வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ அத்தனை பேர் ஓர் ஆட்டத்துக்கு வந்ததில்லை.

இந்த விழாக்களின் மறுபக்கமும் அதே 2011 ஆட்டத்தில் வெளிப்பட்டது. மழை காரணமாகப் பிற்பகலிலிருந்து இரவுக்குத் தள்ளிவைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில், வாஷிங்டன் அணி வீரர் ஒருவரின் தோள் கிராஸ்பியின் தலையில் மோதியது. நான்கு நாட்களுக்குப் பிறகு இன்னோர் ஆட்டத்திலும் அவருக்கு அடிபட்டது. மூளை அதிர்ச்சியால் அவதியுற்ற அவர் அந்த ஆண்டு நவம்பர் மாதம் வரை களத்துக்குத் திரும்பவில்லை. தலைக்காயங்களை லீக் அலட்சியப்படுத்தியதாக முன்னாள் வீரர்கள் முன்னூறுக்கும் மேற்பட்டோர் தொடர்ந்த வழக்குகள், 2018 நவம்பரில் சுமார் 1.9 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. லீக் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக் இதேபோன்ற வழக்கில் 100 கோடி டாலர் அளவில் சமரசம் செய்துகொண்டதோடு ஒப்பிட்டால், ஹாக்கி வீரர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

பனி எவ்வாறு உருவாக்கப்படுகிறது?

திறந்தவெளி ஆட்டம் என்றாலே அது இயற்கைப் பனியில் நடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். எட்மண்டன் குளிரிலும் கூட அப்படி இல்லை. அரங்கின் தரை முதலில் மரப்பலகைகளால் சமப்படுத்தப்படுகிறது. அதன் மேல் அலுமினியத் தட்டுகள் அடுக்கப்பட்டு, அவற்றின் ஊடே கிளைகால் என்ற உறையாத் திரவம் செலுத்தப்படுகிறது. அதைக் குளிர்விக்கும் இயந்திரம் முழுவதும் ஒரு பெரிய சரக்கு வாகனத்துக்குள் அடங்கியிருக்கும். அந்த வாகனம் ஊர் ஊராகச் செல்கிறது. தட்டுகளின் மேல் நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, அடுக்கடுக்காக உறைய வைக்கிறார்கள். உள்ளரங்குகளில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாத பனித்தளம், வெளியில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமனாக்கப்படுகிறது. பரப்பின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து அல்லது ஆறு பாகையில் இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் பனி இளகும், மிகவும் குறைந்தால் நொறுங்கும். ஆகவே கடுங்குளிரில் பனியைச் சூடேற்ற வேண்டிய விந்தையும் நேர்கிறது. 2022ஆம் ஆண்டின் முதல் நாள் மினியாபோலிஸ் நகரில் பூஜ்யத்துக்குக் கீழே 21 பாகையில் நடந்ததே இவற்றில் மிகவும் குளிரான ஆட்டம்.

ஆனால் குளிரைவிடப் பெரிய எதிரி சூரியன். காற்று எத்தனை குளிர்ந்திருந்தாலும், நேரடி வெயில் பனியின் அடியில் வண்ணம் தீட்டப்பட்ட கோடுகளையும் விளம்பரச் சின்னங்களையும் சூடாக்கி உருக்குகிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி, கோவிட் தொற்றுக்காலத்தில், பார்வையாளர்கள் இல்லாமல் நெவாடா மாநிலத்தின் டஹோ ஏரிக்கரையில் கொலராடோ, வேகாஸ் அணிகள் ஆடியபோது இதுவே நடந்தது. பின்னணியில் பனிபடர்ந்த மலைகள், நீல ஏரி, மேகமே இல்லாத வானம் என்று தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சிதான். அந்த மேகமில்லா வானமே வினையானது. முதல் 20 நிமிடங்களிலேயே பனி இளகி வீரர்கள் இடறி விழ, ஆட்டம் நிறுத்தப்பட்டது. சுமார் எட்டு மணி நேரம் கழித்து, உள்ளூர் நேரப்படி இரவு 9 மணிக்குத்தான் அது மீண்டும் தொடங்கியது.

மழைக்கும் லீக் அஞ்சியே நடக்கிறது. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் வான்கூவரில் நடந்த 'ஹெரிட்டேஜ் கிளாசிக்' ஆட்டத்தின்போது மழை காரணமாக அரங்கின் கூரை மூடப்பட்டது. மூடிய கூரையின் கீழ் நடந்த அந்த ஆட்டமும் லீக்கின் கணக்கில் திறந்தவெளி ஆட்டமே.

மங்கிய புதுமை

வெற்றி பெற்ற எதையும் பெருக்கிப் பார்ப்பது தொழில்முறை விளையாட்டின் இயல்பு. 2012-13 பருவத்தில் மீண்டும் 113 நாட்கள் கதவடைப்பு நேர்ந்து, 2013 புத்தாண்டு ஆட்டம் ரத்தானது. இழந்ததை ஈடுகட்டுவதுபோல 2014ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஆறு திறந்தவெளி ஆட்டங்கள் நடத்தப்பட்டன. அவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் அரங்கில் நடந்தது. ரசிகர்களில் சிலர் அரைக்கால் சட்டையுடன் வந்திருந்தனர். அதன் பின் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி, கொலராடோ விமானப்படைக் கல்லூரி, டல்லஸ், நாஷ்வில், ராலி என்று அது சென்ற இடங்கள் நீள்கின்றன.

எண்ணிக்கை கூடக்கூட ஆர்வம் குறைந்தது. சிகாகோவில் 2024 டிசம்பர் 31ஆம் தேதி நடந்த விண்டர் கிளாசிக் ஆட்டத்தை அமெரிக்காவில் பார்த்தவர்கள் பத்து லட்சத்துக்கும் குறைவு. 2011இல் பார்த்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. பொதுத் தொலைக்காட்சியிலிருந்து கேபிள் அலைவரிசைக்கு ஆட்டம் மாறியதும், அதே நாட்களில் நடக்கும் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டங்களின் போட்டியும் இதற்குக் காரணங்கள். ஆயினும், மூன்று நான்கு ஆட்டங்கள் நடக்கும் ஓர் ஆண்டில் எதுவும் அபூர்வமாக இருக்க முடியாது என்பதே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. அரங்குகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை. 2025 மார்ச் 1ஆம் தேதி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அரங்குக்கு 94,751 பேர் வந்தனர். கொலம்பஸ் நகரில் அதுவே முதல் திறந்தவெளி ஆட்டம். ஓர் ஊருக்கு முதன்முறை வரும்போது விழாவாகவும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வழக்கமான ஆட்டமாகவும் அது மாறிவிட்டது.

பனி உருவாகும் இடங்களை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவுக்கு லீக் சென்றதன் காரணமும் இதில் இருக்கிறது. குளிர் நாட்டில் திறந்தவெளி ஹாக்கி வியப்பளிக்காத நிலையில், மயாமியில் அது வியப்பளிக்கும். பாந்தர்ஸ் அணி 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்தது என்பது கூடுதல் நியாயம். இருமுறையும் இறுதியில் தோற்றது எட்மண்டன் என்பதைக் கனடியர்கள் மறக்கவில்லை.

பணம் பெருகிய லீக்

புத்தாண்டு ஆட்டத்தின் மவுசு குறைந்த அதே காலத்தில் லீக்கின் செல்வம் பெருகியது. 2004 கதவடைப்புக்கு முன் சுமார் 210 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம், 2023-24 பருவத்தில் 600 கோடியைத் தாண்டியது. ஊதிய உச்சவரம்பு 2025-26 பருவத்தில் 9.55 கோடி டாலர். 2013 முதல் வருமானத்தில் சரிபாதி வீரர்களுக்கு என்ற விதி இருப்பதால், உச்சவரம்பை எதிர்த்து ஓராண்டு வீட்டிலிருந்த வீரர்களும் இந்த வளர்ச்சியில் பங்கு பெறுகின்றனர். 2017இல் லாஸ் வேகாஸ் அணி லீக்கில் சேர 50 கோடி டாலர் செலுத்தியது. 2021இல் சியாட்டில் அணி 65 கோடி செலுத்தியது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் கதவடைப்பு ஏதுமின்றிப் புதிய கூட்டு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதன்படி 2026-27 பருவம் முதல் ஒவ்வோர் அணியும் 82க்குப் பதிலாக 84 ஆட்டங்கள் ஆடும். பெட்மன் காலத்தில் 1994, 2004, 2012 என்று மூன்று முறை கதவடைப்பைக் கண்ட ரசிகர்களுக்கு இது நிம்மதி.

தோல்விகளும் உண்டு. வின்னிபெக்கிலிருந்து அரிசோனாவுக்குச் சென்ற அணி 2009இல் திவாலாகி, பல ஆண்டுகள் லீக்கின் பராமரிப்பில் இருந்தது. கடைசி இரு பருவங்கள் ஐயாயிரம் பேர்கூட அமர முடியாத பல்கலைக்கழக அரங்கில் ஆடியது. 2024இல் அதன் வீரர்கள் யூட்டா மாநிலத்துக்கு மாற்றப்பட்டனர். அட்லாண்டா நகரம் இரண்டு அணிகளை இழந்திருக்கிறது. அவற்றில் இரண்டாவது, 2011இல் வின்னிபெக்குக்கே வந்து சேர்ந்தது.

தெற்கு நோக்கிய இந்தப் பயணத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு கணக்கு விடை தருகிறது. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடி கனடிய டாலர் தருவதாக ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. 2013இல் அதே நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 520 கோடி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், சுமார் நான்கு கோடி மக்கள் கொண்ட கனடா புதிய ஒப்பந்தத்தின்படி தரும் தொகை, முப்பத்து நான்கு கோடி மக்கள் கொண்ட அமெரிக்காவிலிருந்து 2021 ஒப்பந்தங்களின் மூலம் வரும் தொகைக்கு ஏறக்குறைய சமம். ஆனால் 45 திறந்தவெளி ஆட்டங்களில் கனடாவில் நடந்தவை ஒன்பது மட்டுமே. 1993இல் மாண்ட்ரியல் வென்ற பிறகு 2025 வரை எந்தக் கனடிய அணியும் ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை. டொரொண்டோ கடைசியாக வென்றது 1967இல்.

உருகும் குளங்கள்

கிரெட்ஸ்கி ஆட்டம் கற்றது ஒன்டாரியோ மாகாணத்தின் பிரான்ட்ஃபோர்ட் நகரில், வீட்டின் பின்புறம் அவரது தந்தை வால்டர் நீர் ஊற்றி உறைய வைத்த சிறு பனித்தளத்தில். திறந்தவெளி ஆட்டங்களின் விளம்பரங்கள் எல்லாம் இந்தக் கதையையே வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனால் அத்தகைய பனித்தளம் நிலைப்பதற்குத் தொடர்ச்சியான குளிர் நாட்கள் தேவை. வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல், வட அமெரிக்கக் குடும்பங்கள் தத்தம் பின்முற்றப் பனித்தளங்களில் சறுக்க முடிந்த நாட்களைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றனர். வெப்பமயமாதல் ஆட்டத்தின் வேர்களைப் பாதிக்கும் என்று என்.எச்.எல் லீக்கே 2014இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கையில் எச்சரித்தது.

கனடியத் தலைநகர் ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்து உருவாகும் 7.8 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, 1970களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் திறக்கப்பட்டு வந்தது. 2022-23 குளிர்காலத்தில் அது முதன்முறையாகத் திறக்கப்படவே இல்லை. அடுத்த ஆண்டும் சில நாட்கள் மட்டுமே சறுக்க முடிந்தது. 2025இல் நிலைமை தேறியது. ஆண்டுக்கு ஆண்டு இத்தகைய ஏற்ற இறக்கம் இருப்பதால், இயற்கைப் பனியை நம்பி எதையும் திட்டமிடுவது கடினமாகிவிட்டது.

இயற்கைப் பனி குறையும்போது எஞ்சுவது கட்டணம் வசூலிக்கும் உள்ளரங்கு. காவலுடை, காலணி, தடிகள், பனித்தள வாடகை, வெளியூர்ப் பயணம் என்று ஒரு பிள்ளையை ஒழுங்கமைந்த ஹாக்கி அணியில் ஆடவைக்க ஆண்டுக்குப் பல ஆயிரம் கனடிய டாலர் ஆகும். குடியேறிகளின் குடும்பங்களுக்கு இது பெரும் சுமை. இலங்கைத் தமிழர்கள் திரளாக வாழும் டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஹாக்கியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மேப்பிள் லீஃப்ஸ் சட்டை அணிந்தாலும் பனித்தளத்தைவிடக் கூடைப்பந்து, கால்பந்து, கிரிக்கெட் மைதானங்களையே நாடுவதற்குப் பணமும் ஒரு காரணம். 2008 முதல் பஞ்சாபி மொழியில் ஆட்டங்கள் ஒளிபரப்பாகி, அந்தச் சமூகத்தில் புதிய ரசிகர் கூட்டம் உருவாகியிருக்கிறது. எனினும் பார்வையாளரை உருவாக்குவது போல ஆட்டக்காரரை உருவாக்குவது எளிதல்ல.

டொரொண்டோ மாநகராட்சி 50க்கும் மேற்பட்ட திறந்தவெளிப் பனித்தளங்களை நடத்துகிறது. தரையடியில் குளிரூட்டும் குழாய்கள் பதித்த செயற்கைத் தளங்கள் அவை. ஸ்கார்பரோ நகர மண்டபத்தின் எதிரேயுள்ள ஆல்பர்ட் கேம்ப்பெல் சதுக்கத்திலும் ஒன்று உண்டு. பொதுமக்கள் சறுக்குவதற்கு அங்கு கட்டணம் இல்லை. பெரும்பாலான தளங்கள் நவம்பர் இறுதியில் திறக்கப்படுகின்றன. மார்ச் மாதத்தில் அவை மூடப்படும்வரை, மழையோ மிதமிஞ்சிய வெயிலோ இல்லாத நாட்களில், யாரும் காலணியைக் கட்டிக்கொண்டு இறங்கலாம்.